மிளகாய் அரைக்கிற நாள்

சேசு மரி சூசை

கருமத்தம்பட்டி வழி,
19.11.1995

அன்புள்ள அக்காவுக்கு,

ஜெஃபினுக்குச் சளி விட்டதா? என் வீட்டுக்காரர் போன ஞாயிறு உன் வீட்டுக்கு வந்துவிட்டுத் திரும்பியதும், "பையன் மூக்கு ஒழுகுது, மத்தபடி நல்லா இருக்கான்" என்று சொல்லிவிட்டு நேரே தறிக்கூடத்துக்குப் போய்விட்டார். எத்தனை பல் முளைத்திருக்கிறது என்று பின்னாலேயே போய்க் கேட்டேன். "வாய்க்குள்ள கைய உட்டா பாக்கறது?" என்றார். பெற்றவளுக்கு மகனுடைய பல் கணக்கு இப்படித்தான் கிடைக்கிறது.

இதை எல்லாரும் படுத்த பிறகு எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பயந்துவிடாதே, விளக்கு மங்கல், அவ்வளவுதான். கை நடுங்கவில்லை.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். மாத்திரை தீரப் போகிறது. தீரக் கூடாது என்று கொஞ்ச நாளாகப் பாதியாக உடைத்துத்தான் போட்டுக்கொள்கிறேன். உன் வீட்டில் தங்கி, டாக்டர் திருமலைசாமியிடம் காட்டி, தூக்கமும் சோறும் திரும்பி, ஆடியில் நான் ஊருக்குத் திரும்பியபோது "குழந்தை இங்கேயே இருக்கட்டும், முதலில் நீ நிலையாக நில்" என்றாய். நான் மறுக்கவில்லை. ஆனால் மாதாமாதம் கோயமுத்தூர் வந்து டாக்டரிடம் காட்டுவதாகச் சொன்னேனே, அதை என்னால் காப்பாற்ற முடியவில்லை. கொழுந்தனுக்குப் பெண் பார்க்கிறார்கள். "பெரிய மருமவ மாசாமாசம் பஸ் ஏறி எங்க போறான்னு சம்மந்தம் பேச வாரவங்க கேட்டா நான் என்னத்தைச் சொல்லறது?" என்கிறார் அத்தை. இவர் இரண்டு பக்கமும் தலையாட்டுகிறார்.

நூல் கொண்டுவரும் வண்டிக்காரர் உன் தெரு வழியாகத்தான் வருகிறார். அவரிடம் மாத்திரையைக் கொடுத்தனுப்பு. பிரசவத்துக்குப் பிறகு வந்த அந்தப் பயம், குழந்தைக்கு மூச்சு நின்றுவிடும், என் கையே அவனை ஏதாவது செய்துவிடும் என்ற பயம், முழுசாக வரவில்லை. வாசல் வரைக்கும் வந்து எட்டிப் பார்க்கிறது. உன்னிடம் மட்டும் சொல்கிறேன்.

கிறிஸ்துமஸுக்கு அவனை அழைத்துக்கொண்டு வருவாயா?

உன் தங்கை,
டெய்சி


கோயமுத்தூர்,
25.11.1995

டெய்சி,

முதலில் உனக்கு வேண்டியது. சளி விட்டுவிட்டது. பல் மேலே இரண்டு, கீழே இரண்டு. சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். என் மாமியாரின் வெற்றிலைப் பையை இழுத்துக் கொட்டுவதுதான் இப்போது அவனுக்கு வேலை.

இனி எனக்கு வேண்டியது. மாத்திரையை நூல் மூட்டையோடு அனுப்ப மாட்டேன். பாதியாக உடைக்கச் சொன்னது யார்? இத்தனை வருஷம் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறவளின் தங்கை செய்கிற காரியமா இது? டாக்டர் ஆளைப் பார்க்க வேண்டும், பேச வேண்டும், அதற்குத் தகுந்தமாதிரி மாத்திரையைக் கூட்ட வேண்டும், குறைக்க வேண்டும். உன் கொழுந்தனுக்குப் பெண் கிடைப்பதற்காக நீ உள்ளுக்குள் செத்துக்கொண்டிருக்க வேண்டுமா?

ஒன்று சொல்லிவிடுகிறேன். மாதாமாதம் ஒரு டாக்டர் உன்னை நேரில் பார்க்கிறார், அவர் சரி என்கிறார் என்று ஆகிற வரைக்கும் ஜெஃபின் என்னிடம்தான் இருப்பான். அழுது கடிதம் எழுதாதே. அதற்கு நான் அசைய மாட்டேன்.

உன் கடிதத்தை டாக்டரிடம் சொன்னேன். அவருக்கு ஆச்சரியமே இல்லை. உங்கள் பக்கத்திலிருந்து ஒரு தரம் வந்து காட்டிவிட்டுப் பிறகு வராமலே போனவர்கள் எத்தனையோ பேராம். "அவங்க வர முடியலீன்னா நாம போலாமுங்க சிஸ்டர். மாசத்துல ஒரு நாள், என்னோட லீவுல வாரேன். உக்கார ஒரு எடம் மட்டும் அவங்களப் பாத்துக் குடுக்கச் சொல்லுங்க" என்றார். காசு ஒன்றும் வேண்டாமாம்.

நீ பி.காம். படித்தவள்தானே. இடம் பார்.

சூசைமேரி


சேசு மரி சூசை

கருமத்தம்பட்டி வழி,
7.1.1996

அன்புள்ள அக்காவுக்கு,

இடம் கிடைத்துவிட்டது! பங்குச் சாமியாரிடம் போய்க் கேட்டேன். அவர் கோவில் பள்ளிக்கூடத்தின் பெரிய ஹாலையே தருகிறேன் என்றார். ஜனவரி 21, ஞாயிறு, பூசை முடிந்ததும். டாக்டருக்குச் சொல்லிவிடு.

சாமியார் இந்த மாதிரி விஷயத்தில் பாதி வேலை செய்கிற ஆள் இல்லை. பானர் எழுதக் கொடுத்துவிட்டார்: "மனநோயாளிகளுக்கான மாபெரும் இலவச சிகிச்சை முகாம்", சிவப்பில். ஆட்டோவில் மைக் கட்டி நாலு ஊருக்கும் அறிவிப்பு. மந்திரியே வருவது போல் ஏற்பாடு. எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது, ஆனால் நாமாகக் கேட்டு வந்த உதவியில் குறை சொல்லலாமா?

அத்தை என்னோடு பேசுவதில்லை. தட்டை வைக்கிற சத்தத்தில் பேசுகிறார். பேசட்டும். ஒரு காரியத்தை எடுத்து நடத்தி எவ்வளவு காலமாயிற்று தெரியுமா எனக்கு? காலேஜில் விளையாட்டு விழா நடத்தியது ஞாபகம் வருகிறது.

டாக்டர் காரில்தானே வருவாய்? ஜெஃபினையும் கூட்டிக்கொண்டு வா. எல்லார் முன்னாலும் டாக்டர் என்னைப் பார்க்கட்டும். அப்புறம் நீ என்ன சொல்கிறாய் என்று பார்க்கிறேன்.

டெய்சி


கோயமுத்தூர்,
22.1.1996

டெய்சி,

நானும் டாக்டரும் ஒரு ஹால் நிறைய பெஞ்சுகளும் நேற்று முழுக்க உட்கார்ந்திருந்தோம். ஒருவர்கூட வரவில்லை. ஜெஃபின் என் மடியில் தூங்கி, எழுந்து, அழுது, மறுபடி தூங்கினான்.

ஒருவரும் வராததைக்கூட நான் பெரிதாக நினைக்கவில்லை. நீ வரவில்லை. பள்ளிக்கூட மதிலுக்குப் பின்னால் உன் நீலப் புடவையைப் பார்த்தேன். நான் எடுத்துக் கொடுத்த புடவை எனக்குத் தெரியாதா? எவ்வளவு நேரம் அங்கே நின்றாய்? உள்ளே உன் பிள்ளை இருந்தான்.

டாக்டர் திரும்பும்போது உன்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் அவமானமாக இருந்தது.

கொஞ்ச நாளைக்கு எனக்கு எழுத வேண்டாம்.

சூசைமேரி


கருமத்தம்பட்டி வழி,
4.2.1996

அக்கா,

வேண்டாம் என்றாய், எழுதுகிறேன். படிக்காமல் வைத்தாலும் சரி.

அந்த ஆட்டோ தெருத்தெருவாகச் சுற்றியது. பின்னாலேயே பிள்ளைகள் ஓடினார்கள். மறுநாளே, "டேய், ஞாயித்துக்கெழம முகாமு உனக்குத்தாண்டா" என்று தறிக்கூடத்தில் ஒருவரை ஒருவர் கேலி செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். தூக்கமில்லாமல் கண் சிவந்து வேலைக்கு வருகிற ஒரு தறிக்காரர் இருக்கிறார். அவரிடம் நான் முகாமைப் பற்றி முன்பே சொல்லி, அவரும் சரி என்றிருந்தார். அந்தக் கேலியைக் கேட்டதும் சனிக்கிழமையே ஊருக்குப் போகிறேன் என்று கிளம்பிவிட்டார்.

அத்தை ஞாயிறு காலைதான் வாயைத் திறந்தார். "அந்தப் பள்ளிக்கோடத்துப் படிய நீ மிதிச்சீன்னா, சின்னவனுக்கு இந்த ஜில்லாவுலயே பொண்ணு கெடைக்காது, பாத்துக்க." அதை மீறித்தான் வந்தேன். பள்ளிக்கு எதிரே டீக்கடை இருக்கிறதே, பார்த்தாயா? ஒரு நாளும் அங்கே அத்தனை கூட்டம் இருந்ததில்லை. யார் உள்ளே போகிறார்கள் என்று பார்ப்பதற்காகவே டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். மதில் வரைக்கும் வந்தேன். அந்தக் கடையைத் தாண்டுவதுதான் பாக்கி. மஞ்சள் குல்லாய் போட்டு அவன் உன் மடியில் இருந்தது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. அங்கேயே நின்றுவிட்டுத் திரும்பிவிட்டேன் அக்கா. இதற்கு மேல் எனக்குச் சமாதானம் இல்லை.

ஆனால் ஒன்று புரிந்துகொண்டேன். டாக்டர் வந்தால் மட்டும் போதாது. டாக்டரிடம் போவது, டாக்டரிடம் போவதாகத் தெரியக் கூடாது. வேறு எதற்கோ போகிற இடமாக இருக்க வேண்டும்.

இந்தக் கடிதத்தில் ஜெஃபினைக் கேட்கவில்லை. கேட்கிற தகுதி வரட்டும், கேட்கிறேன். மாத்திரைக்கு மட்டும் நீ எழுதியபடியே செய்தேன். போன வியாழன் அத்தையிடம் ஒன்றும் சொல்லாமல் பஸ் ஏறி வந்து டாக்டரைப் பார்த்து, முழு மாத்திரை வாங்கிக்கொண்டு போனேன். உன் வார்டு வாசலில் நின்றேன். நீ உள்ளே வேலையாக இருந்தாய். கூப்பிடவில்லை.

டெய்சி


கருமத்தம்பட்டி வழி,
24.3.1996

அக்கா,

பதில் இல்லை. பரவாயில்லை. இதைக் கட்டாயம் படி, டாக்டருக்கும் படித்துக் காட்டு.

எங்கள் வீட்டை ஒட்டி பாவாத்தாள் அம்மாவின் மாவு மில் இருப்பது உனக்குத் தெரியும். ஜெஃபின் பிறந்த புதிதில் வந்த அந்த மார்கழி விடியலில், நான் அவனைத் தூக்கிக்கொண்டு தண்ணீர்த் தொட்டி ஓரம் போய் நின்றபோது, "கண்ணு, பையன எங்கிட்டக் குடு, கை நோவும்" என்று சாதாரணமாக வந்து வாங்கிக்கொண்டவர் அவர்தான். அன்றைக்கு அவர் கத்தியிருந்தால், ஊரைக் கூட்டியிருந்தால், என்ன ஆகியிருக்குமோ, நினைக்க முடியவில்லை.

தறிக்காரன் பெண்டாட்டிக்குச் சத்தம் பழகிவிடும். நூல் அறுந்து தறி ஓடினால் இவர் தூக்கத்திலேயே எழுந்து உட்காருவார். எனக்கும் அந்தக் காது கொஞ்சம் வந்துவிட்டது. மில்லில் தானியம் விழுந்து அரைபடுகிற சத்தம் கட்டையாக இருக்கும். வெறும் மில் ஓடினால் கீச்சென்று ஒரு சத்தம். போன மாதம்தான் கவனித்தேன்: தினமும், ஒரு டின்கூட வரிசையில் இல்லாதபோதும், மில் வெறுமனே ஓடுகிறது.

போய்க் கேட்டேன்.

"ஏனுங்கம்மா, அரைக்க ஒண்ணுமில்லாம மில்லு ஓடுதுங்களே?"

"பெல்ட்டு பாக்கறேன் அம்மணி."

"தெனமுமுங்களா?"

அவர் முகம் மாறிவிட்டது. "அதுல உனக்கென்ன வந்துது? நீ தொட்டியோரமா நின்னத நான் ஊருக்குச் சொன்னனா?"

"சொல்லலீங்க. அதனாலதானுங்க நானும் இத ஒருத்தருக்கும் சொல்லல."

அவர் போய் மில் சுவிட்சை அமர்த்தினார். சத்தம் அடங்க அடங்க, பின்கட்டு அறையிலிருந்து ஒரு குரல் கேட்டது. "சோமனூர், கருமத்தம்பட்டி, அவினாசி... ஏறுங்க, ஏறுங்க, படியில நிக்காதீங்க... ரைட்!"

ராசப்பன். அவருடைய மகன். தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். கேரளாவில் வேலை என்று ஊரில் பேச்சு. கதவுக்கு வெளியே தாழ். அவர் கூப்பிட ஆரம்பித்தால் அம்மா மில்லைப் போட்டுவிடுகிறார்.

"சுத்தாத எடமில்ல அம்மணி. கோயமுத்தூருக்குக் கூட்டியாங்கன்னு சொல்லறாங்க. எப்படிக் கூட்டிப் போறது? பஸ்ஸக் கண்டா நாந்தான் கண்டக்டருன்னு எறங்க மாட்டீங்கறானே. ஒருக்கா உள்ளே இருந்த கண்டக்டரையே கீழ எறக்கி உட்டுப்போட்டான்" என்று சொல்லிச் சிரித்தார். சிரித்தபடியே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

இந்த மில்லில் நடக்கிற முறையைச் சொல்கிறேன், கேள். பெண்கள் டின்னையோ போசியையோ வரிசையில் வைத்துவிட்டு ஓரமாக உட்காருவார்கள். ஆளுக்குப் பதில் டின்தான் வரிசையில் நிற்கும். பொழுதெல்லாம் காத்திருந்தாலும், மில்லுக்கு எதற்கு வந்தாய் என்று யாரும் யாரையும் கேட்க மாட்டார்கள். பாவாத்தாள் அம்மா வீட்டின் முன்னறைக்கு மில்லுக்குள்ளிருந்தே ஒரு கதவு இருக்கிறது. டாக்டர் அங்கே உட்காரட்டும். அவரைப் பார்க்க வருகிறவர்கள் காலி டின்னை மூடி போட்டு வரிசையில் வைக்க வேண்டும். மூடியிருந்தால் வெளியே தெரியாது. தூக்கினால் பாவாத்தாள் அம்மாவுக்குத் தெரிந்துவிடும். டின்னை எடுத்துக்கொண்டு உள்ளே போவார், டின்காரி பின்னால் போவாள். ஆண்களுக்கும் அப்படியே.

மைக் வேண்டாம், பானர் வேண்டாம். நானும் பாவாத்தாள் அம்மாவுமாக ஆளுக்கு ஆள் சொல்லிக்கொள்கிறோம். பங்குச் சாமியாரிடமும் சொல்லிவிட்டேன். மனசு சுருங்கினாலும், "சரிம்மா, நான் வாயைத் திறக்கல" என்றார்.

டாக்டர் இன்னொரு தரம் வருவாரா என்று கேட்டுச் சொல். வராவிட்டால் நானே வந்து அவர் வாசலில் உட்காருவேன்.

டெய்சி


(அஞ்சலட்டை)

கோயமுத்தூர், 20.4.96

டெய்சி, மே 9 வியாழன் காலை டாக்டர் வருகிறார். தையல் மிஷின் ரிப்பேர்க்காரர் என்று சொல்லிக்கொள்ளட்டுமா என்று கேட்கிறார். எனக்கு அன்று டூட்டி, வர மாட்டேன். ஜெஃபினும் வர மாட்டான். ஒரு தரம் பட்டது போதும். நடக்கத் தொடங்கிவிட்டான். சூ.


கருமத்தம்பட்டி வழி,
10.5.1996

அக்கா,

நேற்று நடந்ததை உடனே எழுதாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. மாத்திரை போட்டும் வராது.

முதலில் நடந்த கோளாறு. அந்த மில்லில் இருப்பது ஒரே மிஷின். அதனால் வாரத்தில் புதன்கிழமை மட்டும்தான் மிளகாய் அரைப்பார்கள், அப்புறம் மிஷினைக் கழுவி விடுவார்கள். இந்த வாரம் புதனன்று லைன் வேலை என்று கரண்டே இல்லை. ஆகவே வியாழக்கிழமை காலையில் ஊரில் உள்ள மிளகாய் முழுக்க வந்து நின்றது. வருஷத்துக்கு வேண்டிய தூளை அரைத்து வைக்கிற சித்திரை மாதம் வேறு! எனக்கும் பாவாத்தாள் அம்மாவுக்கும் அது தோன்றவே இல்லை. எங்கள் கவலை எல்லாம் காலி டின் வருமா என்பதில்தான் இருந்தது.

டாக்டர் வந்து உட்கார்ந்தார். மில் ஓட ஆரம்பித்தது. அவ்வளவுதான், அவருக்குத் தும்மல் நிற்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார், மாட்டுகிறார், மறுபடி துடைக்கிறார். "ஏனுங்மா, இங்க பேஷண்ட் யாரு, டாக்டர் யாருன்னே தெரியாது போலிருக்குதே" என்றார். நான் செத்தேன் என்று நினைத்தேன். பள்ளிக்கூடம் போல இதுவும் போயிற்று என்று, வேறு நாள் வைக்கலாம் என்று சொல்ல வாயெடுத்தேன்.

அப்போது முதல் டின் உள்ளே போனது. மகளைப் பறிகொடுத்த பிறகு பேச்சைக் குறைத்துக்கொண்ட ஒரு அம்மா. வெகுநேரம் கழித்து வெளியே வந்தார். முகமெல்லாம் கண்ணீர், மூக்கு சிவந்து, முந்தானை நனைந்து. வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

பக்கத்திலிருந்த ஒருத்தி, "ஆத்தாடி, இன்னிக்கு என்ன நெடி! எனக்கும் எரியுது" என்று தன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை அக்கா. எல்லாருக்கும் கண் கலங்கித்தான் இருந்தது. அழுது வந்தவர்களும் அழாதவர்களும் ஒரே மாதிரி இருந்தார்கள். ஊருக்குப் போய்விட்டாரே, அந்தத் தறிக்காரர், அவர் ஒரு பவுடர் டப்பாவைக் கொண்டுவந்து வரிசையில் வைத்தார்! பாவாத்தாள் அம்மா அதைத் தூக்கிப் பார்த்து, "இதுல என்னத்தைங்க அரைக்கோணும், மூக்குப்பொடியா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள், அவரும் சிரித்துக்கொண்டே உள்ளே போனார்.

இனிமேல் மிளகாய்க்கு வியாழன் என்று மாற்றிவிட்டோம். டாக்டரும் சரி என்றுவிட்டார். அடுத்த முறை மூக்குக்குத் துணி கொண்டுவருவாராம்.

நானும் போனேன். என் டின்னை நானே வரிசையில் வைத்தேன். அத்தை வாசலில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

கடைசியில் டாக்டர் பின்கட்டுக்குப் போனார். கதவைத் திறக்கச் சொல்லி, ராசப்பனுக்கு எதிரே தரையிலேயே உட்கார்ந்தார். "எங்க போகோணுமுங்க?" என்று ராசப்பன் கேட்டார். "காங்கேயம் ஒண்ணு குடுங்க" என்றார் டாக்டர். "இது காங்கேயம் போகாதுங்க. அவினாசியில எறங்கி மாறிக்கோங்க." "சரிங்க, மாறிக்கறேன். அதுவரைக்கும் உங்க பக்கத்துல உக்காந்துக்கட்டுங்களா?" ராசப்பன் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்.

அவ்வளவுதான் நேற்று நடந்தது. ஊசியும் மாத்திரையும் ஆரம்பித்திருக்கிறார்கள். கதவுக்குத் தாழ் போடக் கூடாது என்று சொல்லியிருக்கிறார். பாவாத்தாள் அம்மாவுக்குப் பயம். இரண்டு வீட்டாரும் மாறி மாறி வாசலில் உட்காருவது என்று பேசிக்கொண்டோம். எங்கள் வீட்டில் இவர் தானாகவே, "ராத்திரி ஷிப்ட்டுல நான் பாத்துக்கறேன்" என்றார்.

ஜெஃபின் நடக்கிறானா? எந்தப் பக்கம் பார்த்து நடக்கிறான்?

டெய்சி


கருமத்தம்பட்டி வழி,
18.8.1996

அக்கா,

இது சின்னக் கடிதம். மே, ஜூன், ஜூலை, இப்போது ஆகஸ்ட். ஒரு மாதமும் நான் தவறவில்லை. டாக்டரிடமே நீ கேட்டுக்கொள்ளலாம். கொழுந்தனுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. பெண்ணின் அம்மாவே போன மாதம் ஒரு காலி டின்னோடு வந்து போனார், அதனால் அத்தையும் அடங்கிவிட்டார். நான் முழு மாத்திரை போடுகிறேன், தூங்குகிறேன், சாப்பிடுகிறேன். பயம் வந்தால் அதற்குப் பெயர் சொல்லி உட்கார வைக்கத் தெரிந்துகொண்டேன்.

நீ சொன்னது நிறைவேறிவிட்டது. என் மகனை எப்போது தருகிறாய்?

டெய்சி


கோயமுத்தூர்,
15.9.1996

அன்புள்ள டெய்சி,

உன் கடிதத்துக்கு மூன்று தரம் பதில் எழுதிக் கிழித்தேன். முதலில் தடுப்பூசி பாக்கி என்று எழுதினேன். அப்புறம் கடைவாய்ப்பல் வருகிறது, வயிற்றுப்போக்கு என்றேன். அப்புறம் மழைக்காலம் வருகிறது, மாவு தூசி சேராது என்றேன். எல்லாம் உண்மைதான். ஒன்றுகூடக் காரணம் இல்லை.

டாக்டர் ஜூலையிலேயே என்னிடம் சொல்லிவிட்டார். "சிஸ்டர், உங்க தங்கச்சி நல்லா இருக்காங்க. பையன உட்டுடலாமுங்க." அதை உனக்கு எழுதவில்லை. மறந்துவிட்டதாக எனக்கே சொல்லிக்கொண்டேன்.

அவன் என்னை அம்மா என்று கூப்பிடுகிறான். நான் திருத்தினேன். "பெரியம்மா" என்று சொல்லிக்கொடுத்தேன். உண்மையைச் சொல்கிறேன், தினமும் சொல்லிக்கொடுக்கவில்லை. டூட்டி முடிந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஓடிவருவான். எனக்குப் பிள்ளை இல்லை என்று இத்தனை வருஷம் நான் யாரிடமும் வருத்தப்பட்டதில்லை, அது உனக்கும் தெரியும். இப்போதும் வருத்தப்படவில்லை. கொஞ்சம் பழகிவிட்டது, அவ்வளவுதான்.

மதிலுக்குப் பின்னால் நின்றாய் என்று உன்னைப் பேசினேன். நான் இந்த இரண்டு மாதமும் நின்ற இடமும் அப்படி ஒரு மதில்தான்.

அக்டோபர் 17, வியாழன், டாக்டர் காரில் அவனோடு வருகிறேன். நீ ஒன்றும் சமைக்க வேண்டாம். என்னை இருக்கச் சொல்லாதே. கொடுத்துவிட்டு உடனே பஸ்ஸில் திரும்பிவிடுவேன். அவனுக்கு ராகிக் கஞ்சி ஆற வைத்துத்தான் கொடுக்க வேண்டும், ஊதினால் அவனுக்குக் கோபம் வரும். தூங்கும்போது வலது காதைப் பிடித்துக்கொள்வான். அவன் காதை அல்ல, பக்கத்தில் படுப்பவர் காதை.

உன் அக்கா,
சூசைமேரி


சேசு மரி சூசை

கருமத்தம்பட்டி வழி,
18.10.1996

அன்புள்ள அக்காவுக்கு,

தூங்கிவிட்டான். என் காதைப் பிடித்துக்கொண்டுதான். காதை விடுவித்துக்கொண்டு வந்து எழுதுகிறேன். அழுதான், சொல்லாமல் என்ன? நேற்றுப் பொழுது சாய்கிற நேரத்தில் வாசலைப் பார்த்து உட்கார்ந்து, "பெரிம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். நீ ஒழுங்காகத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறாய். பயம் என் பக்கத்தில் வந்து நின்றது. நான் அவனைத் தூக்கிக்கொண்டு பாவாத்தாள் அம்மா வீட்டுக்குப் போய் உட்கார்ந்துகொண்டேன். பயம் வந்தால் தனியாக இருக்கக் கூடாது என்பது டாக்டர் சொன்னது.

மில்லில் ராசப்பன் டின்களை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார். இப்போது வியாழக்கிழமைகளில் அது அவர் வேலை. இன்னும் சில நாள் பின்கட்டில் போய்ப் படுத்துக்கொள்கிறார், சில நாள் ஒருவரோடும் பேசுவதில்லை. ஆனால் கதவு திறந்திருக்கிறது. ஜெஃபின் அழுவதைப் பார்த்து, "பையன் எங்க போகோணும்?" என்றார். "இங்கியேதானுங்க" என்றேன். "அப்பச் சரி, எறங்கிக்கட்டும்" என்றார். அவன் அழுகையை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தான்.

கடைசி டின் போனதும் பாவாத்தாள் அம்மா மில்லை அமர்த்திவிட்டார். இப்போதெல்லாம் அரைக்க எதுவும் இல்லாவிட்டால் மில் ஓடுவதில்லை. இத்தனை அமைதி இந்தத் தெருவுக்குப் பழக்கமில்லை, தறிச் சத்தம் மட்டும்தான் கேட்கிறது.

சோமனூர்ப் பக்கத்திலிருந்து ஒரு மில்காரர் வந்து, எங்கள் ஊரிலும் இப்படி வைக்க முடியுமா என்று கேட்டார். டாக்டருக்கு மாதத்தில் இன்னொரு நாள் கிடைக்குமா என்று விசாரித்துச் சொல். கிடைக்காவிட்டால் வேறு டாக்டரைப் பிடிப்போம். பிடித்தாக வேண்டும்.

அப்புறம் நேற்றைய விஷயம். அவனை என் கையில் கொடுத்துவிட்டு, உடனே திரும்பி மில் வழியாக வேகமாகப் போனாயே. வரிசையில் இருந்த பெண்கள் எல்லாரும் உன்னைப் பார்த்தார்கள். நீ முகத்தைத் துடைத்துக்கொண்டே, "என்ன நெடி, கண்ணே திறக்க முடியலையே" என்றாய். "ஆமாங்க அம்மணி, இன்னிக்கு நெம்ப நெடிங்க" என்றார் பாவாத்தாள் அம்மா. மற்றவர்களும் ஆமாம் ஆமாம் என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

இந்த வாரம் முழுக்க மழை, அக்கா. யாருடைய மிளகாயும் காயவில்லை. நேற்று அரைத்தது கம்பு.

அடுத்த மாதம் வியாழக்கிழமை வா. உனக்காக ஒரு டின்னை வரிசையில் வைத்திருக்கிறேன்.

உன் தங்கை,
டெய்சி